பாறை ஏறுபவரின் கண்ணுக்கு எதைக் காட்டுவது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் பேசணும், உன் வேலையைப் பத்தியே பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் போனில் உத்தரவு போட்டுவிட்டார். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் கஷ்டம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்கே இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "மலை ஏர்றவங்களுக்குக் கண்ணாடி செய்யறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒன்றும் தப்பில்லை. அதையே இன்றைய தலைப்பாக வைத்துக்கொள்கிறேன்.

நான் பெங்களூரில் ஒரு சிறிய குழுவில் வேலை பார்க்கிறேன். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறும் விளையாட்டு வீரர்களுக்காக, உடம்பில் அணியும் ஆக்மென்டட் ரியாலிட்டி கருவி ஒன்றை வடிவமைக்கிறோம். கண் முன்னால் இருக்கும் நிஜ உலகத்தின் மேலேயே கம்ப்யூட்டர் வரைந்த படத்தையோ எழுத்தையோ பொருத்திக் காட்டுவதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறார்கள்.

இது புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியைச் செய்து காட்டிவிட்டார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளப்பதற்காக, கூரையிலிருந்து தொங்கிய ஒரு தண்டோடு அதை இணைத்திருந்தார்கள். ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் 1990 வாக்கில் போயிங் விமானக் கம்பெனியில் பிறந்தது. டாம் காடெல், டேவிட் மிசெல் என்ற இருவர், விமானத்துக்கு ஒயர் கட்டும் தொழிலாளியின் கண் முன்னாலேயே எந்த ஒயர் எந்த வழியாகப் போகவேண்டும் என்று காட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொழிலாளி தரையில் நிற்கிறார். அவர் கை நழுவினால் ஒயர் விழும். நம் ஆளுக்குக் கை நழுவினால் ஆளே விழுவார். நாங்கள் செய்யும் வேலையின் சிரமமெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது.

பாறை ஏற்றம் என்றால் பழனி மலைப் படி ஏறுவது மாதிரி என்று சிலர் நினைக்கலாம். இது வேறு. பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ராமநகரம் இருக்கிறது. 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்திருந்தாரே, அதே பாறைகள்தான். வடக்கே போனால் பாதாமியில் செந்நிற மணற்பாறைச் சுவர்கள். ஹம்பியில் உருண்டைக் கிரானைட் பாறைகள். தென்னிந்தியாவில் பாறை ஏறுபவர்கள் அதிகம் போகும் இடங்களில் இவை மூன்றும் உண்டு.

ராமநகரத்திலும் பாதாமியிலும் ஏறுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏறுவார். இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். அப்படிப் பிடிப்பதற்கு 'பிலே' என்று பெயர். ஏறுகிறவர் பாறையில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவார். கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு மேலே 2 மீட்டர் ஏறிய பிறகு நழுவினால், அந்த 2 மீட்டரும், அதற்குக் கீழே இன்னொரு 2 மீட்டரும், கயிறு நீள்கிற அளவும் விழுவார். கீழே இருப்பவர் விழிப்பாக இருந்தால் சிராய்ப்போடு போய்விடும். இல்லையென்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆளுக்குக் கம்ப்யூட்டர் என்ன உதவி செய்யலாம்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அடுத்த பிடி எங்கேன்னு பச்சைக் கலர்ல அம்புக்குறி காட்டலாமே!" விளம்பரப் படங்களில் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். உள்ளரங்கச் சுவரில் இது ஓரளவு நடந்தும் இருக்கிறது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், செயற்கை ஏறுசுவரின் மேல் புரொஜெக்டர் மூலம் பிடிகளையும் விளையாட்டுகளையும் ஒளியால் வரைந்து காட்டி, 2016-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, அருமையான வேலை. ஆனால் அது ஏன் வெற்றி பெற்றது என்று பாருங்கள். சுவர் நகராது. வெளிச்சம் நம் கையில். கீழே மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறுகிறவர் தலையில் எதையும் மாட்டவில்லை. வெளியே, வெயிலில், நிஜப் பாறையில் இந்த நான்கு வசதிகளில் முதலாவதைத் தவிர வேறெதுவும் கிடையாது.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் மேஜையின் மேல் விழும் வெளிச்சம் 500 லக்ஸ் அளவில் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். 200 மடங்கு! வெயில் பட்ட வெளிர் பாறையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலாவைத் தாண்டிவிடும். நல்ல செல்போன் திரையே ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில்தான் நிற்கும். கண்ணாடி வழியே நிஜத்தையும் பார்த்து, அதன் மேல் படத்தையும் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் படம் பாறையோடு போட்டி போட வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வகைக் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கறுப்பு எழுத்து என்பதே அதில் கிடையாது. கறுப்பு என்றால் அங்கே ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம்.

"அப்படின்னா கூலிங் கிளாஸ் மாதிரி கறுப்பாக்கிடுங்க" என்று கேட்கலாம். ஆக்கலாம். ஆனால் பாறை ஏறுகிறவர் ஒரு நொடியில் வெயிலிலிருந்து நிழலுக்குள் போவார். பிதுங்கி நிற்கும் பாறைக்கு அடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள வெடிப்பில், கால் வைக்க விரல் அகல இடம் தேடும்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இருந்தால் எப்படி இருக்கும்?

இரண்டாவது சிக்கல், ஆள் எங்கே இருக்கிறார் என்று கருவிக்குத் தெரிவது. "ஜி.பி.எஸ். இருக்கே?" என்பீர்கள். செங்குத்துப் பாறையை ஒட்டி நிற்கும்போது பாதி வானம் மறைந்துவிடுகிறது. சாட்டிலைட் சிக்னல் பாறையில் பட்டு எதிரொலித்தும் வருகிறது. வெட்டவெளியில் சில மீட்டராக இருக்கும் பிழை இங்கே பல மடங்காகும். அதோடு, செங்குத்துச் சுவரில் ஏறுகிறவரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அநேகமாக மாறுவதே இல்லை. மாறுவது உயரம் மட்டும். ஜி.பி.எஸ். பொதுவாக அதிகம் தடுமாறுவது அந்த உயரத்தில்தான்.

சரி, காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கண்டுபிடிக்கலாமா? இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் கடிகாரம் மாதிரி ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது உயரத்தில் 8, 9 மீட்டருக்குச் சமம். அதாவது காலையில் பாறை அடிவாரத்தில் மர நிழலில் உட்கார்ந்தவர் மாலை வரை எழுந்திருக்கவே இல்லையென்றாலும், "வாழ்த்துகள், நீங்கள் 25 மீட்டர் ஏறிவிட்டீர்கள்" என்று கருவி சொல்லும்!

இதற்குத் தீர்வு இருக்கிறது. கீழே கயிறு பிடிப்பவர் இடுப்பிலும் அதே மாதிரி ஓர் அளவியை மாட்டிவிட வேண்டும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நாளின் ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் உயரம் கிடைக்கும். பலத்த காற்று அடித்தால் அது கொஞ்சம் ஆடும். ஆனாலும் ஏறுகிறவர் கயிற்றில் பாதியைத் தாண்டிவிட்டாரா என்று சொல்ல அது போதும். அடுத்த பிடி எது என்று சொல்ல அது போதவே போதாது.

பிடியைக் காட்ட வேண்டுமென்றால் கேமரா வேண்டும், முன்கூட்டியே எடுத்த பாறையின் முப்பரிமாண வரைபடம் வேண்டும், இரண்டையும் நொடிக்கு நொடி பொருத்த வேண்டும். காலையில் எடுத்த படத்தில் இருந்த நிழல் மதியம் இருக்காது. நிழலை வெடிப்பு என்று கருவி நினைத்துக்கொள்ளும். இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம், கணிதப் பேராசிரியர்கள் மன்னிக்கவும். தலை எந்தத் திசையில் பார்க்கிறது என்பதில் கருவிக்கு ஒரே ஒரு டிகிரி பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் தூரத்தில் அது 52 சென்டிமீட்டர். ஒரு பிடிக்கும் பக்கத்துப் பிடிக்கும் உள்ள தூரமே பல சமயம் அவ்வளவுதான். தலையை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திருப்புகிறார், படம் வந்து சேர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம் என்றால், 5 டிகிரி விலகல். கை எட்டும் தூரத்தில் அது 5 சென்டிமீட்டர். மேஜை மேலிருக்கும் காபி டம்ளருக்கு 5 சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. நாலு விரல் நுனியில் தொங்கும் ஆளுக்கு அது பிடிக்கும் வெறுஞ்சுவருக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாவது, தலை. மலை ஏறுபவர்களின் ஹெல்மெட்டுக்கு இ.என். 12492 என்ற ஐரோப்பியத் தர அளவு உண்டு. 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் மேல் போடுவார்கள். தலைக்குக் கடத்தப்படும் விசை 10 கிலோ நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. சர்வதேச மலையேற்றச் சம்மேளனத்தின் அளவு இன்னும் கண்டிப்பானது, 8 கிலோ நியூட்டன். இந்தச் சோதனையில் தேறிய ஹெல்மெட்டில் நாம் போய் ஒரு பேட்டரியையும் கேமராவையும் திருகாணி போட்டு மாட்டினால், தேறியது அந்த ஹெல்மெட் இல்லை. அது வேறு ஹெல்மெட். மேலேயிருந்து கல் விழுந்தால், பரவ வேண்டிய விசை அந்தக் கட்டியான இடத்தில் குவியும்.

எடையும் இருக்கிறது. 2024-ல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ 600 கிராமுக்கு மேல். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்க அது சரி. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறுகிறவருக்கு அது குருவி தலையில் பனங்காய். 10 கிராம் பேட்டரியில் ஏறத்தாழ இரண்டு வாட்-மணி மின்சாரம் அடங்கும். கேமரா, திரை, கணக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு வாட் தின்றால் ஒரு மணி நேரத்தில் காலி. பாறையில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்குவது.

இந்த மூன்று சிக்கல்களும் பொறியியல் சிக்கல்கள். இன்றைக்கு முடியாதது பத்து வருடத்தில் முடியலாம். திரை பிரகாசமாகும், பேட்டரி சிறிதாகும். இதோ இந்த அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளில் ஒருவரே அதைச் செய்யலாம். ஆனால் நான்காவது சிக்கல் ஒன்று இருக்கிறது. அது எந்தச் சிப் வந்தாலும் தீராது, ஏனென்றால் அது கருவியில் இல்லை, நம் மண்டைக்குள் இருக்கிறது.

விமானிகளின் கண்ணாடியில் வேகம், உயரம் எல்லாவற்றையும் ஒளிரவைத்துக் காட்டும் முறை ரொம்ப நாளாக உண்டு. 1980-ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில், அனுபவமுள்ள விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்து அந்த முறையில் விமானத்தை இறக்கச் சொன்னார்கள். ஒரு தடவை ஓடுபாதையிலேயே இன்னொரு விமானத்தைக் குறுக்கே நிறுத்திக் காட்டினார்கள். சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. பார்வைக்கு நேராகத்தான் விமானம் நின்றது. மனம் மட்டும் ஒளிரும் எண்களில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டால் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம் என்பது நம் ஆசை. மனத்துக்கு அந்த ஏற்பாடு ஒத்துவருவதில்லை.

பாறையில் ஏறும்போது மனம் எதில் இருக்க வேண்டும்? வலது கால் நிற்கும் அந்தச் சின்னப் பருவில் இருக்க வேண்டும். கையடியில் பாறை பொக்கென்று ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். பக்கத்து வெடிப்பிலிருந்து ரீங்காரம் வருகிறதா என்று கேட்க வேண்டும். நம் பாறைகளில் மலைத்தேனீ நிஜமான ஆபத்து. கூடு கலைந்தால் கயிற்றில் தொங்குகிறவர் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இந்த நேரத்தில் கண்ணுக்குள் ஒரு பச்சை அம்பு மின்னினால் அது உதவியா, உபத்திரவமா?

ஜெர்மனியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஒரு குழு, ஏறுபவரின் மணிக்கட்டில் ஒளி, ஒலி, அதிர்வு என்ற மூன்று வகையில் செய்தி கொடுத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டது. பின்தங்கியது ஒளிதான். ஒலியும் அதிர்வும் மேலாக நின்றன. எங்கள் பரிசோதனைகளிலும் அதே அனுபவம்தான். ஏறுகிறவருக்குக் காதும் தோலும் கொஞ்சம் ஓய்வாக இருக்கின்றன. கண்ணுக்குத்தான் ஓய்வே இல்லை.

இதையெல்லாம் வைத்து எங்கள் குழு ஒரு விதி வகுத்துக்கொண்டது. கால் தரையில் இருக்கும்போதும், பாறை விளிம்பில் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதும் கருவி பேசலாம். ஏறிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

தரையில் நிற்கும்போது படம் எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2015-ல் கூகுள் நிறுவனம் அலெக்ஸ் ஹானல்ட், டாமி கால்டுவெல், லின் ஹில் என்ற புகழ்பெற்ற ஏறுநர்களின் துணையோடு, கலிஃபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறையைப் படம் பிடித்து ஸ்ட்ரீட் வியூவில் வைத்தது. சுமார் 900 மீட்டர் உயரமுள்ள சுவரை வீட்டிலிருந்தே அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம். அதே மாதிரி, எங்கள் கருவியை அணிந்து அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏறும் வழி ஒரு கோடாகத் தெரியும். போல்ட் எத்தனை, உச்சிச் சங்கிலி எவ்வளவு உயரம், தேன்கூடு பார்த்ததாக யாராவது சொல்லியிருக்கிறார்களா, எல்லாம் தெரியும். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா 2012-லிருந்து கழுகு சரணாலயம். எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதும் ஒரு முக்கியமான தகவல்தானே. நிழலில் நின்று பார்ப்பதால் வெயில் பிரச்சினை பாதி குறைகிறது. ஒரு டிகிரி பிழை இருந்தாலும் யாரும் விழப்போவதில்லை. எங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறோம். சந்தேகமுள்ள இடத்தில் கோடு மெல்லியதாகாது, அகலமான பட்டையாகிவிடும். "இந்தப் பகுதிக்குள் எங்கேயோ" என்று அர்த்தம்.

ஒரு கால் தரையை விட்டதும் திரை இருண்டுவிடும். அதன் பிறகு இரண்டே சமிக்ஞை. கயிற்றில் பாதி தாண்டினால் தோளில் ஒரு நீண்ட அதிர்வு. கீழே இருப்பவர் "நிறுத்து" பொத்தானை அழுத்தினால் மூன்று குட்டி அதிர்வுகள். காற்று பலமாக அடிக்கும்போது கீழிருந்து கத்துவது மேலே கேட்காது, அதற்காக.

ஏன் பாதிக் கயிறு? கயிறு 60 மீட்டர், உச்சிச் சங்கிலி 32 மீட்டரில் என்று வையுங்கள். மேலே போய்விட்டார். இறக்கும்போது போகவும் வரவும் 64 மீட்டர் வேண்டும். 4 மீட்டர் குறைகிறது. கயிற்றின் முனை, கீழே இருப்பவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும், மேலே இருப்பவர் விழுவார். உலகம் முழுக்கப் பாறைகளில் இந்த விபத்து நடக்கிறது. இதைத் தடுக்க என்ன செலவு? கயிற்றின் முனையில் ஒரு முடிச்சு. பேட்டரி வேண்டாம், சாட்டிலைட் வேண்டாம். அதனால் எங்கள் கருவி ஏறுவதற்கு முன்னால் கேட்கும் கடைசிக் கேள்வி, "முனையில் முடிச்சு இருக்கிறதா?" என்பதுதான். இரண்டு பேரும் "ஆம்" என்று அழுத்த வேண்டும். முடிச்சின் வேலையைக் கருவி எடுத்துக்கொள்வதில்லை, முடிச்சை ஞாபகப்படுத்துகிறது.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கருவி எது தெரியுமா? கீழே கயிறு பிடிப்பவர் போடும் முப்பட்டகக் கண்ணாடி. மணிக்கணக்கில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்கிறவர்களுக்காக, இரண்டு ப்ரிஸங்களை ஒரு சட்டத்தில் வைத்துச் செய்தது. நேராகப் பார்த்தால் மேலே ஏறுகிறவர் தெரிவார். பத்தாம் வகுப்பு இயற்பியல். சார்ஜ் தேவையில்லை, அப்டேட் தேவையில்லை. அது கண்ணை எங்கே திருப்புகிறது பாருங்கள், நண்பன் மேல்! கவனத்தை ஆளிடமிருந்து பறிக்கும் கருவி ஒரு ரகம். கவனத்தை ஆளின் மேல் நிறுத்தும் கருவி இன்னொரு ரகம்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். சில காலத்துக்கு முன்பு ஒரு பெரிய வியாபார நிறுவனம் எங்கள் கருவியைப் பார்க்க வந்தது. பெயர் வேண்டாம். எல்லாம் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஏறும்போதும் திரை எரிய வேண்டும், பிடிக்குப் பிடி அம்புக்குறி காட்ட வேண்டும். "திரை அணைஞ்சு கிடக்கிற கண்ணாடியை யார் சார் காசு கொடுத்து வாங்குவா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தலையில் அணியும் திரைகளின் சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 2013-ல் ஆரவாரமாக வந்த கூகுள் கிளாஸின் கடைசி விற்பனையும் 2023-ல் நிறுத்தப்பட்டது. பனிச்சறுக்குக் கண்ணாடிக்குள் திரை வைத்த ரீகான் நிறுவனத்தை இன்டெல் 2015-ல் வாங்கி 2017-ல் மூடிவிட்டது. பணம் போட்டவர்கள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. அந்த ஆர்டர் கிடைத்தால் எங்கள் எட்டுப் பேருக்கும் இரண்டு வருடச் சம்பளம்.

குழுவுக்குள் மூன்று நாள் வாக்குவாதம். "புதுசா ஏர்றவங்களுக்கு அம்பு உதவுமே, பயம் தெளியுமே" என்றார்கள் சிலர். அதிலும் உண்மை உண்டு. உள்ளரங்கில், மெத்தைக்கு மேல் என்றால் நானே கை தூக்கியிருப்பேன். எங்கள் குழுவில் ஓசூர்ப் பெண் ஒருவர் இருக்கிறார். பாறையிலேயே வளர்ந்தவர், பயிற்சியாளர். கடைசி வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணா, அம்பு சரியாக் காட்டினா எனக்கு ஒரு பிடி கிடைக்கும். தப்பாக் காட்டினா விழறது நான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்துடும். அம்பு இருக்குன்னா நான் பாறையைப் பார்க்கறதை விட்டுடுவேன்."

இதற்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை. முன்தகவல் எதுவும் இல்லாமல் ஒரு பாறையை முதல் தடவையிலேயே ஏறி முடிப்பதை 'ஆன்சைட்' என்பார்கள். அந்த விளையாட்டில் அதற்குத் தனி மரியாதை. ஏனென்றால் பாறையைப் படிக்கத் தெரிவதுதான் அந்தக் கலை, விரல் பலம் அதற்கு அடுத்தபடிதான். பாறையைப் படிக்கத் தெரிந்தவர் கருவி செத்தாலும் இறங்கி வருவார். படிக்கக் கற்றுக்கொள்ளாதவர் பேட்டரி தீர்ந்ததும் 20 மீட்டர் உயரத்தில் அனாதை. அந்த ஆர்டரை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவு இனிமையானது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் எங்களிடம் இருப்பவை பரிசோதனைக் கருவிகள்தான், கடையில் விற்கும் பொருள் இல்லை. நாங்கள் எடுத்த முடிவு வியாபாரத்தில் ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த முடிவோடு பாறை அடிவாரத்தில் நின்று, மேலே ஏறுகிறவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடிகிறது.

தம்பி தங்கையரே, நீங்கள் எல்லோரும் பாறை ஏறுபவர்களுக்குக் கருவி செய்யப் போவதில்லை. ஆனால் லாரி டிரைவர், நர்ஸ், கம்பத்தில் ஏறும் லைன்மேன், நெல் அறுக்கும் விவசாயி என்று கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவருக்காக ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறீர்கள். இன்றைக்கு எதை வேண்டுமானாலும் காட்டும் திறமை கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. எனவே ஒரு பொருளை வடிவமைக்கும்போது மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இது எப்போது பேசாமல் இருக்க வேண்டும்? இது தப்பாகச் சொன்னால் அடிபடுவது யார்? இது நின்றுபோனால், அந்த ஆள் இது இல்லாத காலத்தில் இருந்த அளவுக்காவது பத்திரமாக இருப்பாரா? மூன்றாவதற்கு "ஆம்" என்ற பதில் கிடைக்கும் வரை கருவியைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் ஓடுவது வேறு, வெயிலில் ஓடுவது வேறு. நம் கல்லூரி மைதானத்தில் மே மாதம் மதியம் 12 மணிக்கு உங்கள் புராஜெக்டை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். திரை தெரிகிறதா, கை வியர்த்தால் பொத்தான் வேலை செய்கிறதா, சூட்டில் பேட்டரி தாங்குகிறதா என்று பாருங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். அந்த ஒரு நாள் கற்றுக்கொடுப்பதை நாற்பது பக்க ரிப்போர்ட் கற்றுக்கொடுக்காது.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒளியியலில், பேட்டரியில், பாதுகாப்புச் சோதனையில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஆளுக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள். யாராவது ராமநகரம் வர விரும்பினால் விடியற்காலை ஆறு மணிக்குப் பாறை அடிவாரத்தில் எங்களைப் பார்க்கலாம். ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.